தூனகா பிறந்த கதை

யாருமே பேசாத ஒரு மொழியை வைத்துத்தான் என் வயிற்றுப்பாடு நடக்கிறது. கணினி விளையாட்டுகள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில், டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேஜை என்னுடையது. எங்கள் விளையாட்டில் ஒரு மலைக்கூட்டம் வருகிறது. ஈட்டியும் கேடயமுமாகத் திரிகிற ஆட்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டுமே, அதைச் செய்து கொடுப்பது என் வேலை. திட்ட, கொஞ்ச, பேரம் பேச, எதிரியைப் பயமுறுத்த என்று அவர்கள் வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லும் என் மேஜையிலிருந்து போனதுதான். சொந்தக்காரர்களிடம் இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்.

ஆபீசில் எனக்குப் பெயர் அகராதி. அதில் மரியாதை கொஞ்சம், நக்கல் நிறைய. பிடித்தால் விடமாட்டேன் என்று அர்த்தம். உண்மைதான், மறுக்கவில்லை. என் மொழிக்கு நான் இரண்டு சட்டம் வைத்திருக்கிறேன். முதலாவது, எந்தச் சொல்லும் ஆகாயத்திலிருந்து குதிக்கக் கூடாது. அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் கையால் செய்கிற ஏதோ ஒரு காரியத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். இரண்டாவது, மைக் முன்னால் நின்று ஒரு சொல்லைச் சொல்லப்போகிறவர், அது எப்படிப் பிறந்தது என்று என் வாயால் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் சொன்னால் சொல்லுக்கு எடை வராது என்பது என் கட்சி.

இரண்டாவது சட்டத்தால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அதிகம். ஒருமுறை பெரிய நடிகர் ஒருவர் குரல் கொடுக்க வந்தார். கீழே கார் இன்ஜின்கூட அணைக்காமல் நிற்கிறது. அவருக்கு இருந்ததே ஒரு வசனம், அதிலும் ஒரே சொல், நன்றி. நான் விடவில்லை. மலைக்கூட்டத்தில் யாரிடமாவது கயிறு இரவல் வாங்கினால், திருப்பித் தரும்போது சிக்கெடுத்து, அழகாகச் சுருட்டித் தர வேண்டும், அந்தச் சுருட்டுவதற்கு உண்டான சொல்தான் நாளடைவில் நன்றி ஆயிற்று என்று முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகே மைக்கைத் திறக்க விட்டேன். மேனேஜர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் நடிகர் சொன்ன அந்த நன்றி இருக்கிறதே, கேட்டவர்கள் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கப்புறம் என் சட்டத்தை யாரும் வாயைத் திறந்து கேலி செய்வதில்லை.

இப்படிப்பட்ட என்னிடம் மேனேஜர் ஒருநாள் வந்து நின்றார்.

"அகராதி, ஒரு வார்த்தை வேணும். ஊரைப் பிடிச்சதும் தலைவி கத்துற வார்த்தை. ஜெயிச்சிட்டோம், பிடிச்சிட்டோம், இனிமே இது எங்களுது, எல்லாம் அதுக்குள்ள வந்துரணும். கேட்டதும் எதிரிக்குக் குலை நடுங்கணும்."

"ஒரே வார்த்தையிலயா?"

"அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

மலையேறுவதற்கும் மழை பெய்வதற்கும் சொல் பண்ணிவிடலாம். ஒரு ஊரைப் பிடிப்பதைக் கையால் எப்படிச் செய்வது? ஈட்டியை மண்ணில் குத்தலாம், கொடியை நடலாம், கழுத்தில் காலை வைக்கலாம். எல்லாப் படையும் காலங்காலமாகச் செய்து புளித்துப் போன வேலைகள். எனக்கு ஒன்றும் உருப்படியாக வரவில்லை. உட்கார்ந்து யோசிக்க எனக்கென்று ஒரு இடமும் அப்போது இல்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீடு சின்னது. ஆனால் அதில் எனக்கு ஒரு அறை இருந்தது. முன்பு பழைய பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த இடம். அதைக் காலி செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மேஜை போட்டு, முக்கியமாகக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருந்தேன். உள்ளே போய்த் தாழ் போட்டால் நான் யாருக்கும் மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை. சத்தமாக வாய்விட்டு என் சொற்களைச் சொல்லிப் பார்க்கலாம், கத்தலாம், உறுமலாம்.

அந்த அறைக்குத்தான் அண்ணி வந்து சேர்ந்தார். என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் காட்சி ஒன்றும் வேண்டாம் என்று தனியாகவே இருந்துவிட்டவர். நகரசபை நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். நீந்தத் தெரியாமல் கரையில் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளைகளை ஒரே அதட்டலில் தண்ணீரில் இறக்கிவிடுகிற ஆள். "புது அதிகாரிக்கும் எனக்கும் ஒத்துவரலை, போடான்னு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ரெண்டு நாளுக்கு வருகிறவர் தன் தலையணையைக் கொண்டு வருவாரா? அண்ணி கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வந்தது மழைக்கு முன்னால். மழை முடிந்து, குளிரும் முடிந்து, வெயில் வந்துவிட்டது. அண்ணி அசையவில்லை. என் மேஜை இருந்த இடத்துக்குக் கட்டில் வந்துவிட்டது. நான் முதலில் சாப்பாட்டு மேஜையில் வேலை பார்த்தேன், பிறகு மாடிப்படியில் பார்த்தேன், கடைசியில் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, துணி துவைக்கும் மெஷின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்தேன். மலைக்கூட்டத்தின் வீர வசனங்களில் பாதி அங்கே பிறந்ததுதான்.

இடத்தைப் பிடித்ததோடு போயிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அண்ணிக்கு அதிகாரம் பண்ணாமல் இருக்கத் தெரியாது. "டேய், அந்தப் பெட்டியை இறக்கு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பார். நாற்பதைத் தாண்டிய என் வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில் நாலு பேரை வேலை வாங்குகிற மனிதர், சின்னப் பையனாக ஓடுவார். "நீ வந்து இந்த பல்பைப் பாரு", "நீ வந்து திரையை இழுத்து விடு" என்று எனக்கும் உத்தரவு வரும். மொட்டை மாடியில் துணிக்கொடியைத் தளர்த்தி இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். என் சேலை தரையைப் பெருக்கிக்கொண்டு காய்ந்தது.

அப்புறம்தான் அடிமடியிலேயே கை வைத்தார். ஒருநாள் காலை நான் அடுப்பில் எதையோ கொதிக்க வைத்துவிட்டு, மேல் தட்டில் இருக்கும் உப்பு ஜாடிக்குக் கையை நீட்டினேன். வெறும் காற்றுதான் கிடைத்தது. பார்த்தால் மேல் தட்டே காலி. உப்பு, சர்க்கரை, டீத்தூள் எல்லாம் அடுப்புக்குக் கீழே இருக்கிற அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அண்ணி, உப்பு எங்கே?"

"கீழ இருக்கு. இனிமே அதுதான் இடம்," என்றார் அண்ணி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

என் அடுப்பு, என் உப்பு, நான் இன்னொருத்தரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வீடு கைமாறிவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது. ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நேரே குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டேன். வாளி மேல் உட்கார்ந்த மறு நிமிஷம் மேனேஜர் கேட்ட சொல் வந்துவிட்டது.

மலைக்கூட்டத்தார் ஒரு ஊரைப் பிடித்தால் கொளுத்த மாட்டார்கள், கொள்ளையடிக்க மாட்டார்கள். தலைவி மட்டும் அந்த ஊரின் பெரிய வீட்டுக்குள் போவாள். யாரையும் தொடமாட்டாள். உப்பு ஜாடியைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரி உப்புக்கு அவளைத்தான் கேட்க வேண்டும். தூன் என்றால் உப்பு. அகா என்றால் இடம் மாற்றுவது. தூனகா!

மேனேஜர் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எங்கேருந்து பிடிச்சீங்க இதை?" என்றார். நான் பெருமையாகச் சிரித்து வைத்தேன். ஒலிப்பதிவுக்காரரிடம் மட்டும், எல்லாரும் அவரை சவுண்டு என்றுதான் கூப்பிடுவோம், டீ குடிக்கும்போது குட்டை உடைத்துவிட்டேன். அவர் புரையேறும்வரை சிரித்தார். உப்பு ஜாடிக் காட்சியைப் படம் வரைகிறவர்கள் விழுந்து விழுந்து செய்தார்கள். விளையாட்டின் உச்சக் கட்டமே அதுதான் என்று ஆகிவிட்டது. என் அறையை இழந்த துக்கத்தில் இப்படி ஒரு லாபமும் இருந்தது.

ஆனால் லாபம் பார்த்து எத்தனை நாள் வாளியில் உட்காருவது? "எப்ப சொல்லப் போறீங்க உங்க அக்காகிட்ட?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "சொல்றேன், சொல்றேன்" என்பார். அக்காவைப் பார்த்தால் அவருக்கு நாக்கு உள்ளே போய்விடும். கடைசியில் நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். "இந்த ஞாயித்துக்கிழமை நானே சொல்லப் போறேன். அண்ணி, எனக்கு என் ரூம் வேணும், எப்ப கிளம்பறீங்கன்னு நேராக் கேட்டுடுவேன்." அவர் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் தூனகாவுக்கு ஒலிப்பதிவு. தலைவிக்குக் குரல் கொடுக்கிற நடிகைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவருக்குப் பதிலாக இரண்டு பேரை வரவழைத்தார்கள். இருவருக்கும் உப்பு ஜாடிக் கதையை உருகி உருகிச் சொன்னேன். ஒருத்தி கத்தியது ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொன்ன மாதிரி இருந்தது. இன்னொருத்தி கரப்பான்பூச்சியைப் பார்த்த மாதிரி கத்தினாள். மேனேஜர் முகம் தொங்கிப் போயிற்று.

"நேரமில்லை, அகராதி. வார்த்தையை விட்ருவோம். சும்மா ஹோன்னு ஒரு ஊளைச் சத்தம் போட்டுக்கலாம்," என்றார்.

ஊளையா! நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருப்பா இந்த டயரைப் படிக்கட்டுல அடுக்கினது? எடு!"

மாடி இரண்டும் அதிர்ந்தன. அதைத் தொடர்ந்து கீழே டயர்கள் அவசரமாக உருளுகிற சத்தம். மேனேஜர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? காலையில் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அதை இடது கையில் தூக்கிக்கொண்டு அண்ணி படியேறி வந்துகொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. மேனேஜர் அண்ணியை உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், "ஒரே ஒரு வார்த்தைம்மா, கத்தணும், அவ்ளோதான்" என்று கெஞ்சினார். அண்ணிக்கு வாயெல்லாம் பல். "இவ ஆபீஸ்ல எனக்கு வேலையா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றார். சவுண்டு ஹெட்போனை மாட்டிவிட்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. யார் உள்ளே நிற்கிறார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஆரம்பிச்சிடலாம், சார்," என்றேன் நான் அவசரமாக.

"கதை சொல்லலையா?" என்றார் மேனேஜர்.

"நேரமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதெப்படி? கார் நின்னுட்டிருந்தவரையே விடலை நீங்க. கதை கேக்காம கத்தினா எடை வராதுன்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு இப்ப என்ன? சொல்லுங்க," என்று அவரே பேசுகிற பொத்தானை அழுத்திவிட்டு, "அம்மா, இந்த வார்த்தை எப்படிப் பிறந்துச்சுன்னு அவங்க சொல்லுவாங்க, கேட்டுக்குங்க" என்றார்.

அண்ணி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளத்தில் பிள்ளைகள் விசிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி. ஈட்டி, கொடி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் கதை தெரிந்த மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார், என் சட்டமும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சொல்ல நினைத்ததை, சனிக்கிழமையே நாலு பேர் நடுவில் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். ஊரைப் பிடிப்பது, பெரிய வீட்டுக்குள் போவது, உப்பு ஜாடியைத் தூக்கி இடம் மாற்றுவது, வீட்டுக்காரி உப்புக்கு அவளைக் கேட்க வேண்டியது. குரல் போகப் போகத் தேய்ந்துகொண்டே வந்தது.

அண்ணி கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜாடி முதல்ல மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

நான் மேஜை மேல் இருந்த காகிதத்தைப் புரட்டினேன்.

"சொல்லும்மா. தெரிஞ்சாத்தானே கத்த முடியும்?"

"மேல இருந்துச்சு," என்றேன். "கீழ எடுத்து வெச்சா."

"ம்," என்றார் அண்ணி. சிரிப்பு போய்விட்டது. கோபமும் வரவில்லை. யாரோ விலாசம் சொல்லக் கேட்டுக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். "சரி, கத்தலாம்."

கத்தினார். கீழே டயர்க்காரனைப் பார்த்துக் கத்தியதில் பாதிகூட வரவில்லை. எப்படி வரும்? நான்தான் உள்ளே இருந்த காற்றைப் பிடுங்கிவிட்டேனே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மேனேஜருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் உற்சாகமாகப் பொத்தானை அழுத்தினார். "அம்மா, கையில ஈட்டி இருக்கிறதா நினைச்சுக்குங்க. அப்படியே தலைக்கு மேல தூக்கிக் கத்துங்க. கை மேல போனா குரலும் மேல போகும்."

அண்ணி இடது கையைத் தூக்கினார்.

"வலது கை, அம்மா. ஈட்டி வலது கையிலதான் இருக்கும்."

அண்ணியின் வலது கை இடுப்பிலிருந்து கிளம்பியது. மெதுவாக வந்தது. நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார். கை அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல..." என்றார் மேனேஜர்.

"வராது," என்றார் அண்ணி.

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க..."

"வராதுன்னா வராதுப்பா. ஒரு வருஷமா வரலை."

மேனேஜர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். எனக்கு வீடு முழுக்கக் கண் முன்னால் வந்து நின்றது. பெட்டியை இறக்கச் சொன்னது, பல்பைப் பார்க்கச் சொன்னது, திரையை இழுக்கச் சொன்னது, கொடியைத் தளர்த்தியது, மேல் தட்டைக் காலி செய்தது. ஒன்றுவிடாமல் எல்லாமே கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிய காரியங்கள். எட்டாத ஒருத்தர், எட்டுகிற இடத்துக்கு ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் அதைப் படையெடுப்பு என்று நினைத்து, அதற்கு ஒரு சொல்லும் செய்து, கைதட்டலும் வாங்கிவிட்டேன். கை செய்கிற காரியத்திலிருந்துதான் சொல் பிறக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள், ஜாடியைப் பார்த்தேனே தவிர அந்தக் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நீச்சல் சொல்லித் தருகிறவருக்குக் கை தூக்க வராவிட்டால் வேலையில் எப்படி இருக்க முடியும்? ஒத்துவராத அதிகாரி என்று ஒருவர் இருந்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அண்ணி எங்களைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று முகங்களும் என்ன நினைக்கின்றன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் சட்டென்று கறுத்தது. இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டார். காலை அகட்டி நின்றார்.

"தூனகா!"

சவுண்டு ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். மேஜை மேல் இருந்த டீ கோப்பை கிணுகிணுத்தது. அந்தக் குரலில் இருந்தது வெற்றியா, வலியா, எங்கள் மேல் இருந்த ஆத்திரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஊரென்ன, ஒன்பது ஊரைக் கேட்டிருந்தாலும் அந்தக் குரலுக்குக் கொடுத்திருப்பார்கள். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். அண்ணி அவரைச் சட்டை செய்யாமல் ஹெட்போனை இடது கையால் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"சாப்பிட்டுட்டு வா. நான் கீழ நிக்கிறேன்," என்றார் என்னிடம்.

சாப்பாடா இறங்கும்? பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் அண்ணி நின்றிருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர், நல்ல வெயில். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குக் கிளம்பிடறேன். உன் ரூமை எடுத்துக்கோ," என்றார்.

"எங்கே போவீங்க?"

"எனக்கு வீடு இல்லையா?"

"அங்கே மேல் தட்டுல இருக்கிறதையெல்லாம் யார் எடுத்துத் தருவா?"

அண்ணி பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். ஆபரேஷன் பண்ணணுமாம். பண்ணினா சரியாயிடும்கிறார்."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கு," என்றார் அண்ணி. எத்தனையோ பிள்ளைகளை ஆழத்தில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று விசிலடித்தவர், அதைச் சின்னக் குரலில் சொன்னார். "மயக்க மருந்து குடுத்துக் கண்ணை மூட வெச்சிடுவாங்களே. எனக்கு எது நடந்தாலும் நான் முழிச்சிக்கிட்டு இருக்கும்போதுதான் நடக்கணும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை? முதல் நாளே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா உன் வீட்டுக்காரன் பாவம் அக்கான்னு ஆரம்பிச்சிருப்பான். நீயும் பாவம்னு தட்டுல சோத்தைப் போட்டுக் கையில குடுத்திருப்பே. அந்தக் குரல் எனக்கு ஆகாது, கண்ணு." அண்ணி இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நீ மனசுக்குள்ள என்னைத் திட்டிக்கிட்டே இருந்தது எனக்குத் தெரியும். பிசாசு, வந்து ஒட்டிக்கிச்சு, எப்ப தொலையும்னு. வாளியைக் கவுத்துப் போட்டுப் பாத்ரூம்ல உறுமறதும் காதுல விழுந்துச்சு. அது எனக்குத் தெம்பாத்தான் இருந்துச்சு. இன்னும் திட்டு வாங்கற அளவுக்கு இருக்கோம்னு. இன்னிக்கு நீ கண்ணாடிக்குப் பின்னால நின்னு பார்த்தே பாரு ஒரு பார்வை, அதோட என்னால உன் வீட்ல இருக்க முடியாது."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷம் தெளிவாகத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அப்ப கேட்டுக்குங்க. நீங்க பிசாசுதான். பிசாசுகூட வாசல்ல நின்னு கேட்டுட்டு வரும். எனக்கு ஒரே ஒரு ரூம், அதைப் பிடுங்கிக்கிட்டு வாளியில உட்கார வெச்சீங்க. என் சேலையெல்லாம் மண்ணைப் பெருக்குது. கை வரலைன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கொள்ளை? ஒரு வருஷம் வலியை வெச்சுக்கிட்டு யாருக்குக் கிரீடம் வாங்கப் போறீங்க? உங்க வீம்புல மண்ணைப் போட!"

நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் நாசூக்காக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அண்ணி முகத்தில் வெளிச்சம் வந்தது. "தொண்டையிலேருந்து கத்தறே," என்றார். "வயித்துலேருந்து எடு. இல்லேன்னா ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க."

வயிற்றிலிருந்து எடுத்தேன். அறையைப் பற்றி, தலையணையைப் பற்றி, டீ வைத்தால் ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்புவதைப் பற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து வீட்டை ஆட்டி வைப்பதைப் பற்றி, ஒன்றுவிடாமல் திட்டினேன். இடையில் எங்கள் வீட்டுப் பக்கம் போகிற பேருந்து வந்து நின்று போய்விட்டது. அடுத்து ஒன்று வந்தது.

"ஏறுங்க," என்றேன்.

"இது ஆஸ்பத்திரிக்குப் போறதாச்சே."

"எனக்குப் படிக்கத் தெரியும். ஏறுங்க. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டு வரோம். கண்ணு மூடி முழிக்கிறவரைக்கும் நான் பக்கத்துல நின்னு திட்டிக்கிட்டே இருக்கேன், போதுமா?"

அண்ணி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். உள்ளே உட்கார இடமில்லை. இடது கையை எடுக்க முடியாத நெருக்கடி, வலது கை மேல் கம்பிக்கு எட்டாது. வண்டி குலுங்கிக் கிளம்பியதும், கேட்காமல் கொள்ளாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் அப்படியொரு பிடி. இறங்குகிறவரை விடவே இல்லை.